இருநூற்றுத் தொண்ணூற்றாறில் ஒரு மேடு

பியூலாவுக்கு மறுபடியும் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு வந்திருந்தது.

அதை அவள் கத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பொன்னுத்தங்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்; பீத்துறா பாரு என்று மனசுக்குள் நாலு வசவு வைத்துத் தீர்த்திருக்கலாம். பியூலா திரையைப் பார்த்தாள், நோட்டில் எண்ணை எழுதினாள், பேனாவை மூடினாள். காலையில் வரவேண்டிய பால்காரர் வந்துவிட்டார் என்பது போல ஒரு முகம். வராமல் எங்கே போவார் என்கிற முகம்.

பொன்னுத்தங்கத்தின் நோட்டில் நூற்று நான்கு புள்ளி ஆறு. நேற்று நூற்றைந்து. முந்தாநாள் நூற்று மூன்று புள்ளி ஒன்பது. நூறு பங்கு மருந்தை இவளே எடைபோட்டு, இவளே கரைத்து, இவளே அளந்தால் நூற்று நான்கு பங்கு வருகிறது. மிச்சம் நாலு பங்கை எந்தச் சாமி வந்து போட்டுவிட்டுப் போகிறது என்று தெரியவில்லை.

"எம்புட்டுடீ வந்துச்சு?" என்றாள் பியூலா.

"வந்தது வந்துச்சு."

"சொல்லேன்."

"ஏன், ஒப்பாரி வைக்கப் போறியா?"

பியூலா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் கிடையாது. அதுதான் பொன்னுத்தங்கத்துக்குக் குறை.

விருதுநகருக்கு வெளியே நாலுவழிச் சாலையை ஒட்டி இருக்கிற மருந்தியல் கல்லூரி அது. இருவரும் எம்.பார்ம். கடைசி வருஷம். ஆய்வுக்கு எடுத்திருந்தது இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரை. அதற்குள் டெல்மிசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு என்று இரண்டு மருந்து. கரைத்து வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் இரண்டும் ஒளியைக் குடிக்கும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு குடிக்கிறது என்பதைக் கருவி ஒரு மேடாக வரைந்து காட்டும். டெல்மியின் உச்சி 296 நானோமீட்டரில். மற்றதன் உச்சி 273-ல். பக்கத்துப் பக்கத்து மேடுகள்; ஒன்றின் சரிவு இன்னொன்றின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரே அறைக்குள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், வெளியில் நின்று கேட்கிறவள் யார் எவ்வளவு கத்தினார் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

பிரிக்கப் பல வழி உண்டு. வழிகாட்டிப் பேராசிரியை லட்சுமிகாந்தம் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். பொன்னுத்தங்கத்துக்குச் சமன்பாட்டு முறை. இரண்டு உச்சியிலும் அளவெடுக்க வேண்டும். தெரியாதது இரண்டு, சமன்பாடு இரண்டு, பத்தாம் வகுப்புக் கணக்கு மாதிரி போட்டு விடையை எடுக்க வேண்டும். கால்குலேட்டர் போதும். பியூலாவுக்கு விகித முறை. கலவையின் கோட்டை ஒரு மருந்தின் கோட்டால் வகுத்தால் அந்த மருந்து சமதரையாகிவிடும். அதற்குப் பிறகு சரிவை மட்டும் கணக்கெடுத்தால், சமதரைக்கு ஏது சரிவு, அது காணாமலே போகும். மிஞ்சுவது அடுத்த மருந்து மட்டும்.

என்ன அழகான முறை! ஒருத்தியை வகுத்துத் தரையாக்கி, இருந்த தடமே இல்லாமல் ஆக்குகிற முறை. அது தனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று பொன்னுத்தங்கம் நினைக்காத நாள் இல்லை. யாரை வகுப்பது என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இரண்டு முறையையும் ஒப்பிட்டு எது தேவலை என்று சொல்வதுதான் ஆய்வு. அதற்குமேல் ஒன்று வந்து சேர்ந்தது. ஓசூர்ப் பக்கத்து மருந்து கம்பெனி ஒன்று, தரம் பார்க்கிற பிரிவுக்கு ஒரே ஒரு ஆள் கேட்டு மேடத்துக்கு எழுதியிருந்தது.

"இதே மாத்திரையை அவங்களும் செய்றாங்க," என்றார் லட்சுமிகாந்தம் மேடம். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரைத்தான் அனுப்ப முடியும். மாசக் கடைசியில நானே அஞ்சு கலவை செஞ்சு, அளவைச் சொல்லாம கொடுப்பேன். அளந்து சொல்லுங்க. யார் வேலை நிக்குதுன்னு பார்ப்போம்."

அந்த வேலை பியூலாவுக்குக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் நட்டமில்லை. பொன்னுத்தங்கத்துக்குக் கிடைக்காவிட்டால், ஆமத்தூர் மெடிக்கல் ஷாப்பில் கவுண்டருக்குப் பின்னால் நின்று தலைவலி மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்க வேண்டியதுதான். அப்பா சங்கிலிமுத்து கடைக்காரரிடம் ஏற்கெனவே ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தார். "பொம்பளைப் பிள்ளைக்கு உள்ளூர்லயே அமைஞ்சா அம்புட்டு நல்லது" என்று கடைக்காரரும் சொல்லிவிட்டாராம். வீட்டில் எல்லாருக்கும் அதில் பரம திருப்தி. அந்தத் திருப்தியைப் பார்க்கும்போதெல்லாம் பொன்னுத்தங்கத்துக்கு எதையாவது எடுத்து எறிய வேண்டும் போல் இருக்கும்.

பணத்தைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டதே இல்லை. சிவகாசியிலிருந்து பட்டாசு முதலாளி வீட்டுப் பெண்கள் காரில் வந்து இறங்குவார்கள். ஏதோ கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பியூலா அப்படி இல்லை. பியூலாவும் டவுன் பஸ்ஸில் நசுங்கித்தான் வருகிறாள். செருப்புகூட ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அம்மா அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்; இதே மாத்திரையை வார்டில் கையால் எடுத்துக் கொடுக்கிறவர். அப்பா பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியார். மகள் எழுதிய ஆய்வேட்டை வரி வரியாக வாசித்துச் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பார். ஒருநாள் அந்தத் தாள் மேசையில் கிடந்தது. ஓரத்தில், "இந்த வரி நல்லா வந்திருக்கு பாப்பா" என்று எழுதியிருந்தது.

அன்றைக்குப் பொன்னுத்தங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. தன் வீட்டில் அவளுடைய ஆய்வுத் தலைப்பை முழுதாக வாசிக்க ஆள் இல்லை. "என்னமோ மாத்திரை படிப்பு" என்றுதான் அம்மா வேலுத்தாய் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். இவள் எழுதுகிற வரி நல்லா வந்திருக்கா, நாசமாய்ப் போயிருக்கா என்று சொல்ல இவளேதான் இருந்தாள். பியூலாவுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு வராமல் வேறு யாருக்கு வரும்?

டிஷ்யூ விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. கருவிக்குள் வைக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியையும், கரைசலை அளந்து எடுக்கிற பிப்பெட் குழாயையும் ஒவ்வொரு தடவையும் மெல்லிய டிஷ்யூவால் துடைக்க வேண்டும். டிஷ்யூ ரோல் ஆய்வக உதவியாளர் சங்கையாவின் அலமாரிக்குள், பூட்டுக்குப் பின்னால் இருந்தது.

"அண்ணே, டிஷ்யூ."

"தீந்துருச்சு."

"பியூலா கையில இருக்குல்ல?"

"அந்தப் புள்ள வந்தா, 'அண்ணே சாப்பிட்டீகளா'ன்னு கேட்டுட்டுத்தான் சாமான் கேக்கும். நீ என்ன, கோர்ட்டுல பேர் கூப்புடுற மாதிரி கூப்புடுற."

"சாப்பிட்டீகளான்னு கேட்டாத்தான் தருவீகளோ? நீங்க சாப்பிட்டா எனக்கென்ன, பட்டினி கெடந்தா எனக்கென்ன?"

அத்தோடு டிஷ்யூ வருவது நின்றது. பியூலா தன்னிடமிருந்ததில் பாதியைக் கிழித்து நீட்டினாள். "ஒன் பிச்சை எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, பொன்னுத்தங்கம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள்.

வேலுத்தாய்க்கு ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு வெடி கம்பெனியில், பேன்ஸி ரகம் செய்கிற பக்கம் வேலை. அங்கே நைலான், பாலியஸ்டர் எதுவும் உள்ளே வரக்கூடாது. உடுத்துவதும் பருத்தி, கை துடைப்பதும் பருத்தி. அதற்காக வெள்ளைப் பருத்தித் துணியை வெட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் புதுத் துணியாகப் பார்த்து, போர்மேனிடம் சொல்லிவிட்டே ஒரு கட்டு எடுத்து வந்தாள்.

"கையே படாத துணித்தா. பஞ்சு மாதிரி இருக்கு பாரு. ஒருவாட்டி அலசித் தரட்டா?"

"வேணாம், வேணாம்! சோப்புல தண்ணில எல்லாம் போடாத."

காரணம் இருந்தது. சலவைத் தூளில் துணியைப் பளிச்சென்று காட்டுவதற்கு ஒன்றைக் கலக்கிறார்கள். அது புற ஊதா ஒளியைக் குடிக்கும். சோப்புப் போட்ட துணியால் துடைத்தால் அளவு கெடும். இதை அவளே புத்தகத்தில் தேடிப் படித்திருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பெருமையோடு துணியைத் துவைக்காமலே கத்தரித்து, பாலித்தீன் பையில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தாள். மூன்று வாரமாக அதில்தான் குப்பியும் பிப்பெட்டும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரமாக டெல்மி கூடுதலாக வந்துகொண்டிருந்தது.

மேடம் கலவை கொடுக்க ஒன்பது நாள் இருந்தபோது, பொன்னுத்தங்கம் ஒரு காரியம் செய்தாள். மருந்தே போடாமல், அதைக் கரைக்கிற வெறும் சோடியம் ஹைட்ராக்சைடு காரக் கரைசலை மட்டும் எடுத்து, மற்றதுக்குச் செய்கிற அத்தனையும் செய்து, கருவிக்குள் வைத்தாள். ஒன்றும் இல்லாத கரைசல். கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்க வேண்டும்.

படுக்கவில்லை. 296 பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. 296 டெல்மியின் உச்சி. டெல்மி இல்லாத கரைசலுக்குள் டெல்மி எப்படி வரும்? இந்த ஆய்வகத்தில் டெல்மி டப்பாவைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். நாலு பங்கைக் கொண்டுவந்து போடுகிற சாமி யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. மூன்று வாரமாகத் தெரிந்த மாதிரியே இருந்தது. அச்சிட்ட தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே மேடத்தின் அறைக்குப் போனாள். பியூலாவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அதுவும் நல்லதாய்ப் போயிற்று.

"மேடம், என் கரைசல்ல டெல்மியைக் கலக்குறாங்க."

"யாரும்மா கலக்குறா?"

"டப்பாவைத் தொடுறது ரெண்டு பேரு. என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்க எனக்கென்ன கிறுக்கா?"

பியூலாவின் முகம் வெளுத்தது. "ஏட்டி, என்ன பேச்சு பேசுற?"

"உள்ளதைப் பேசுறேன்."

"அது டெல்மிதான்னு ஒனக்கு யார் சொன்னா? வகுத்துப் பாத்தியா? டெல்மி கோட்டால வகுத்துப் பாரு. டெல்மின்னா சமதரையா வரும், வேறன்னா வராது. பத்து நிமிச வேலை."

"ஒன் முறையை வச்சே நீ தப்பிச்சுக்கலாம்னு பாக்குறியா? எனக்கு ஒன் முறையும் வேணாம், ஒன் முறுக்கும் வேணாம்."

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எழுத்துல கொடு," என்றார். பொன்னுத்தங்கம் நின்ற நிலையிலேயே எழுதிக் கொடுத்தாள். பியூலாவின் பெயரை முழுப் பெயராக, இனிஷியலோடு எழுதினாள். விசாரித்து முடிக்கிறவரை பியூலா ஆய்வகத்துக்குள் வர வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார். பியூலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கப் பொன்னுத்தங்கத்துக்கு இனித்தது. பொய் சொல்வானேன், ரொம்ப இனித்தது.

மறுநாள் ஆய்வகம் முழுக்க அவளுடையது. பக்கத்து மேசையில் ஆள் இல்லை. கருவியில் முறை வைத்து உட்கார வேண்டியதில்லை. பாட்டுக்கூடப் பாடினாள். புதுக் கரைசல் போட்டு, கழுவிய குடுவையை மறுபடி கழுவி, பிப்பெட்டைத் துணியால் நன்றாகத் துடைத்து அளந்தாள்.

நூற்று நான்கு புள்ளி எட்டு.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பியூலா திருட்டுச் சாவி வைத்துக்கொண்டு வந்தாளா? சங்கையா கையாளா? இரண்டு மணி நேரம் அப்படியெல்லாம் யோசித்தாள். அதன் பிறகு, பியூலா தோளுக்குப் பின்னால் நின்று நின்று பார்த்து மனப்பாடமாகியிருந்த விகித முறையை, யாரும் வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே தானே போட்டாள். அந்தச் சின்ன மேட்டின் கோட்டை டெல்மியின் கோட்டால் வகுத்தாள்.

கோடு தரையாக வரவில்லை. இறங்கி, நடுவில் திமிறி எழும்பி, மறுபடி இறங்கியது. உச்சி மட்டும்தான் டெல்மி மாதிரி. மற்றபடி டெல்மிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பியூலா கலக்கவில்லை.

அப்போதே எழுந்து போய் மேடத்திடம் சொல்லியிருக்கலாம். போகவில்லை. பியூலா இல்லாவிட்டால் வேறு யாரோ, என்றாள் தனக்குத்தானே. என்னவென்றே தெரியாமல் போய் என்னத்தைச் சொல்ல, என்றாள். அடுத்த நாளும் போகவில்லை. மேசை காலியாக இருப்பதில் ஒரு சுகம் இருந்தது. அதை விட மனசில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வேலுத்தாய் வேலை முடிந்து வந்து, வாசல் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு உசுரு போயிருச்சுத்தா. விசில் வாணத்துக்கு ஆர்டர் ஏறிருச்சுன்னு மூடை மூடையா எறக்கிட்டாக. எப்பவும் வர்ற வெள்ளைப் பொடிதான், இன்னைக்கு ரெட்டிப்பு. அந்த ரூம்புல மூக்கை வைக்க முடியல. துணி அடுக்குற பலகை மேலயும் ஒரே தூசி."

"என்ன பொடிம்மா?"

"என்னமோ சாலிசிலேட்டாம். மூடையில போட்டிருக்கும்ல, போர்மேன் வாசிப்பாரு. அதைப் போட்டாத்தான விசில் அடிக்கும்."

பொன்னுத்தங்கம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். சாலிசிலேட். காரக் கரைசலில் அது எங்கே ஒளியைக் குடிக்கும் என்பது பார்மசி படித்த கழுதைக்குக்கூடத் தெரியும். 296 பக்கத்தில்.

"துணியை வைக்கிற பலகை எங்கன இருக்கு?"

"அந்த ரூம்புலதான், சன்னலை ஒட்டி. ஏந்தா? அந்தத் துணி போதுமா, இன்னும் ஒரு கட்டு கொண்டாரவா?"

"வேணாம். போதும்."

"நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு," என்றாள் பொன்னுத்தங்கம். அம்மாவிடம் அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள்.

மறுநாள் காலையில் ஆய்வகம் திறந்ததும் ஒரு துண்டுத் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீரைச் சோதனைக் குழாயில் விட்டு, ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டுப் போட்டாள். முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற சோதனை. சாலிசிலேட் இருந்தால் ஊதா நிறம் வரும். கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. மூன்று வாரமாக ஒவ்வொரு தடவை பிப்பெட்டைத் துடைத்தபோதும் துணியிலிருந்த பொடி குழாயில் ஒட்டி, குழாயிலிருந்து குடுவைக்குள் இறங்கி, டெல்மி மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒருவாட்டி அலசித் தரட்டா என்று அம்மா கேட்டாள். இவள்தான் படித்தவள்.

சோதனைக் குழாயைப் பிடித்தபடி அவள் யோசித்தாள். இது யாருக்கும் தெரியாது. துணியை எரித்துவிட்டு, காசு கொடுத்து ஒரு டிஷ்யூ ரோல் வாங்கினால் நாளையிலிருந்து நூறு வரும். பியூலா வெளியே இருப்பாள். "அவ போன பிறகு சரியாய்ப் போச்சு பாத்தியா" என்று காலேஜே பேசும். ஓசூருக்கு ஒரே பெயர்தான் போகும். இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது ஒன்றுதான் இவளுக்கு வராத வேலை என்றாலும், ஓசூருக்காக அதையும் பழகிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று உறுத்தியது. அது நியாய தர்மம் இல்லை. நியாய தர்மத்தை அவள் அப்போது நினைக்கவே இல்லை. பியூலா இல்லாத மேசையை ஜெயித்தால் அது ஜெயித்ததில் சேருமா? "அந்த நர்ஸம்மா பொண்ணு இருந்திருந்தா அதுதான் போயிருக்கும்" என்று சங்கையா சொல்வார். மேடம் சொல்லாவிட்டாலும் நினைப்பார். ஓசூரில் உட்கார்ந்து ஒவ்வொரு மாத்திரையை அளக்கும்போதும், பியூலாவுக்கு என்ன வந்திருக்கும் என்ற கேள்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவளை வகுத்துத் தரையாக்க வேண்டுமானால் அவள் இங்கே இருந்தாக வேண்டும்.

பொன்னுத்தங்கம் சோதனைக் குழாயோடு மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், பியூலா கலக்கலை. என் துணி. எங்கம்மா வெடி கம்பெனியிலருந்து கொண்டாந்த துணி. சாலிசிலேட்டு. இந்தா ஊதா வந்திருக்கு, பாருங்க. நான் எழுதிக் கொடுத்ததைக் குடுங்க, கிழிச்சுப் போடணும்."

மேடம் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கிழிக்க முடியாது. ஃபைல்ல போயாச்சு. இதையும் எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலையிலேயே பியூலா வந்தாள். பொன்னுத்தங்கம் அவள் மேசைப் பக்கம் போய் நின்றாள்.

"தப்பு என்னுது."

"கேள்விப்பட்டேன்."

"அதுக்கு என்ன செய்யணும்ங்கிற? கால்ல விழணுமா?"

"ஒன்னும் செய்ய வேணாம். பேசாம இரு. எங்கிட்ட மட்டும்." பியூலா டிஷ்யூவைக் கிழித்துத் தன் குப்பியைத் துடைத்தாள். இந்த முறை பாதியைக் கிழித்து நீட்டவில்லை.

பொன்னுத்தங்கம் சங்கையாவிடம் போனாள். வாசலிலேயே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, சாப்பிட்டீகளா?" என்றாள்.

"மணி பத்தரைம்மா. எந்தச் சாப்பாட்டைக் கேக்குற?"

"ஏதோ ஒன்னு. டிஷ்யூ குடுங்க."

அவர் சிரித்துவிட்டு முழு ரோலையும் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவளுக்கு நூறு புள்ளி இரண்டு வந்தது.

மாசக் கடைசியில் மேடம் ஐந்து குடுவை வைத்தார். இருவரும் இரண்டு நாள் அளந்தார்கள். ஒரு வார்த்தை பேச்சில்லை. கருவியின் விசிறிச் சத்தம் மட்டும்தான். பியூலா அளக்கும்போது பொன்னுத்தங்கம் அவள் முகத்தைப் பார்த்தாள். பால்காரர் வந்த அந்த முகம் இப்போது இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்தாள். அந்தப் பழைய முகத்தைக் கெடுத்தது தான்தான் என்று பொன்னுத்தங்கத்துக்குத் தெரிந்தது. அதில் பாதி வருத்தமும் பாதி சந்தோஷமும் இருந்தது. எது எவ்வளவு என்று எந்த முறையாலும் அவளால் பிரிக்க முடியவில்லை.

முடிவை மேடம் தாளில் போட்டுக் காட்டினார். ஐந்தில் மூன்று கலவையில் பொன்னுத்தங்கத்தின் எண் மேடம் போட்ட அளவுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டில் பியூலாவுடையது.

"அப்ப நான்தான்," என்றாள் பொன்னுத்தங்கம்.

"அவசரப்படாத. புள்ளியியல் கணக்கு போட்டாச்சு. உங்க ரெண்டு பேர் எண்ணுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்லை. கை நடுக்கத்துல வர்ற அளவுதான். ரெண்டு முறையும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணாகும்? அவளுக்கு ரெண்டு, எனக்கு மூணு."

"கணக்கு அப்படித்தான் சொல்லுது." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "சமமா வந்தா சுலபமானதை எடுக்கணும். கம்பெனியில தினம் நூறு மாத்திரை பார்ப்பாங்க; வகுத்து, சரிவெடுத்துன்னு உட்கார நேரம் கிடையாது. அதனால உன் சமன்பாட்டு முறையைத்தான் அனுப்புறேன். ஆள்னு பியூலா பேரை எழுதியிருக்கேன்."

பொன்னுத்தங்கம் மேசைமேல் கையை ஊன்றினாள்.

"முறை என்னுது, ஆள் அவளா? இது எந்த ஊர் ஞாயம் மேடம்?"

"உன் புகார்க் கடிதம் ஃபைல்ல இருக்கும்மா. கூட வேலை பார்க்கிற பொண்ணு பேர்ல, சோதிக்காம எழுதினது."

"நானே வந்து சொன்னேன்ல? நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா ஒங்களுக்கு யார் சொல்லியிருப்பா?"

"நீயேதான் சொன்ன. அதுவும் ஃபைல்ல இருக்கு. அந்த மேட்டை வகுத்துப் பார்த்தது ஒரு தேதி, வந்து சொன்னது ரெண்டு நாள் கழிச்சு. கருவியில தேதி விழும்லம்மா." மேடத்தின் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நானா எழுதலை. கம்பெனிக்காரங்க கேட்டாங்க, ரெண்டு பேரைப் பத்தியும் எழுதச் சொல்லி. எழுதினேன்."

"அப்ப முறை என்னுதுன்னும் எழுதுங்க. பேர் போட்டு."

"எழுதுறேன்."

"இப்பவே எழுதுங்க. நான் நிக்கிறேன்."

மேடம் எழுதினார். பொன்னுத்தங்கம் நின்றாள்.

நாலு நாள் கழித்துப் பியூலா அவள் மேசைக்கு வந்தாள். புகாருக்குப் பிறகு அவளாக வந்தது அதுதான் முதல் தடவை. "ஒன் நோட்டு வேணும்," என்றாள். "சமன்பாட்டுல போடுற எண்ணெல்லாம். அங்க போனதும் அதைத்தான் ஓட்டிக் காட்டணுமாம்."

நோட்டு வீட்டில் இருந்தது. பொன்னுத்தங்கம் அன்று சாயங்காலம் உட்கார்ந்து பதினேழு பக்கம் பிரதி எடுத்தாள். இரண்டு மருந்தும் இரண்டு உச்சியிலும் எவ்வளவு ஒளி குடிக்கும் என்பதற்கு நாலு எண். கணக்கு முழுக்க அந்த நாலின் தலையில்தான் நிற்கிறது. மூன்றாவது எண்ணை எழுதும்போது பேனா நின்றது. ஒரு மூன்றை எட்டாக்க ஒரு சுழி போதும். ஓசூரில் பியூலாவுக்கு நூற்று நான்கு வரும். நூற்றைந்து வரும். நாலு பேர் நடுவில் நின்று அந்த நல்ல முகம் முழிக்கும். பொன்னுத்தங்கம் அதைக் கண்முன் கொண்டுவந்து வைத்து ஆசை தீரப் பார்த்தாள். ஆனால் தாளின் தலைப்பில் அவள் பெயர் இருந்தது. தப்பு எண்ணின் மேல் தன் பெயர் நிற்பதை அவளால் தாங்க முடியாது. மூன்றை மூன்றாகவே எழுதினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "செய்தவர்: ச. பொன்னுத்தங்கம்" என்று அழுத்தி எழுதியதில் அடுத்த தாளிலும் தடம் விழுந்தது.

மறுநாள் தாள்களைப் பியூலாவின் முன்னால் போட்டாள். "இந்தா. எல்லாப் பக்கத்துலயும் என் பேர் இருக்கு. அழிச்சிட்டு ஒன் பேரைப் போட்ட, ஓசூருக்கே வந்துருவேன்."

பியூலா பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தாள். முதல் பக்கத்தின் முதல் எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.

"நம்பிக்கை இல்லையாக்கும்?"

"இல்லை," என்றாள் பியூலா நிமிராமல்.

பொன்னுத்தங்கம் போய்விட நினைத்தாள். போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பியூலாவின் விரல் வரிக்கு வரி இறங்கியது. அந்த நாலு எண்ணிலும் நின்று, இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தது. ஏழாம் பக்கம். பதினொன்று. சங்கையா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பதினேழாம் பக்கத்தின் கடைசி எண்ணுக்கும் டிக் அடித்துவிட்டுப் பியூலா தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

ஒரு எண்கூடப் பிசகவில்லை. பியூலா அதைச் சொல்லவில்லை. அவள் சொல்வாள் என்று பொன்னுத்தங்கம் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.